எவரெஸ்ட் வழியில் கூலியும் இனாமும்

1953 மார்ச் 10. காத்மாண்டு பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பக்தபூரில் மூட்டைகளும் மரப்பெட்டிகளும் பரப்பிக் கிடந்தன. கர்னல் ஜான் ஹன்ட் தலைமையில் எவரெஸ்ட்டுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவின் சாமான்கள் அவை. ஆளுக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ என்று கணக்குப் பண்ணிக் கட்டியிருந்தார்கள். சுமார் 350 பேர் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு அன்றும் மறுநாளுமாக இரண்டு அணியாகக் கிளம்பினார்கள். தெங்போச்சே மடம் வரை பதினேழு நாள் நடை. கூடாரம், கயிறு, ஆக்சிஜன் உருளை, டின் உணவு என்று போன அந்த வரிசையில் சிலருடைய சுமை மட்டும் வேறு. அவர்கள் சுமந்தது காசு. மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டிய கூலி, அத்தனையும் நாணயமாக.

நான் மதுரையில் ஒரு வங்கியில் காசாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எவரெஸ்ட் பற்றிய புத்தகம் எது கையில் கிடைத்தாலும் என் கண் முதலில் தேடுவது கூலிக் கணக்கைத்தான். அந்தக் காலத்து நேபாள வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை சுமார் 11 கிராம். ஆயிரம் எண்ணி வைத்தால் 11 கிலோ. ஓர் ஆள் தூக்கும் 27 கிலோவுக்குள் 2,400 நாணயத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். அந்தச் சுமை பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். அதைச் சுமப்பவருக்கும் அதிலிருந்துதான் கூலி. கல்லாவில் உட்கார்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுக்கும். சுமை, ஆட்கள் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர் மேஜர் சார்லஸ் வைலி. கூர்க்கா படை அதிகாரி, நேபாளி நன்றாகப் பேசுவார். தெங்போச்சேயில் சுமையை இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்குக் கூலியை அங்கேயே எண்ணிக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

தாள் பணம் இல்லாமல் இல்லை. நேபாள அரசு 1945இலேயே நோட்டு அச்சிட்டு வெளியிட்டுவிட்டது. ஆனால் மலைக் கிராமத்தில் அதை வாங்க ஆளில்லை. வங்கி கிடையாது, மாற்றித் தரும் கடை கிடையாது. அடுப்புப் புகையும் மழைக்கால ஈரமும் எலியும் இருக்கிற வீட்டில் தாளை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அதற்கு மேல், அந்தத் தாளுக்குப் பின்னால் நிற்கும் அரசை அவர்கள் கண்ணால் கண்டதும் இல்லை. நேபாள ராஷ்டிர வங்கி பிறந்ததே 1956இல். வெள்ளி அப்படியல்ல. ஆட்சி மாறினாலும் வெள்ளி வெள்ளிதான். கிழக்கு நேபாளத்து ராய், லிம்பு இனப் பெண்கள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ரூபாய்களைக் கோத்து மாலையாகப் போட்டிருப்பதை இன்றைக்கும் விசேஷ நாட்களில் பார்க்கலாம். கழுத்தில் கிடக்கும்வரை நகை, கஷ்டம் வந்தால் பணம். இவர்களைப் போய்ப் படிப்பறிவில்லாமல் நோட்டை மறுத்தவர்கள் என்று சில பயண நூல்கள் எழுதியிருப்பது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். பணம் பற்றி அவர்களுக்கு இருந்த அறிவு கூர்மையானது. 2016இல் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அப்போது நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

வெளிநாட்டார் கால் வைப்பதற்கு முன்பே எவரெஸ்ட்டின் தெற்கு அடிவாரமான கும்பு பகுதியில் பெரிய வியாபாரம் நடந்திருக்கிறது. 5,700 மீட்டருக்கு மேலே உள்ள நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வரும். தெற்கிலிருந்து தானியமும் வெண்ணெயும் போகும். நாம்சே பஜாரின் ஷெர்ப்பா வியாபாரிகள் இரண்டு பக்கத்துக் காசையும் எடை பார்க்கத் தெரிந்தவர்கள். பண்டமாற்றும் நாணயமும் பக்கம் பக்கமாக ஓடிய சந்தை அது. 1950 இலையுதிர்காலத்தில் அமெரிக்கர் சார்லஸ் ஹூஸ்டனும் ஆங்கிலேயர் பில் டில்மனும் சிறு குழுவோடு தெற்கு வழியாகக் கும்புவுக்குள் நுழைந்தபோது, அவர்கள் கண்ட ஷெர்ப்பாக்கள் பணத்தையே அறியாத மலைவாசிகள் இல்லை. 1959க்குப் பிறகு திபெத் எல்லையில் கெடுபிடி வந்து அந்த வியாபாரம் ஒடுங்கியது. அந்த நேரம் பார்த்து மலையேறும் குழுக்கள் வராமல் போயிருந்தால் நாம்சேயில் பாதி வீடு காலியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கூலிக்கு மலையேறும் வழக்கம் தொடங்கிய இடம் கும்பு அல்ல, டார்ஜிலிங். நேபாளம் வெளிநாட்டாருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. தேயிலைத் தோட்டத்திலும் சாலை வேலையிலும் பிழைக்க வந்த ஷெர்ப்பாக்கள் டார்ஜிலிங்கின் டூங் சூங் பஸ்தியில் குடியிருந்தார்கள். 1921இலிருந்து பிரிட்டிஷ் குழுக்கள் திபெத் வழியாக எவரெஸ்ட்டுக்குப் போக ஆரம்பித்ததும் ஆள் எடுப்பதும் சாமான் கட்டுவதும் அந்த ஊரில்தான். 1922 ஜூன் 7ஆம் தேதி வடக்குக் கணவாய்க்குக் கீழே பனிச்சரிவில் ஏழு சுமையாட்கள் செத்தார்கள். எவரெஸ்ட்டில் பனிச்சரிவு வாங்கிய முதல் உயிர்கள் கூலிக்கு வந்தவர்களுடையவை. வெள்ளைக்காரர் ஒருவர்கூட அதில் சாகவில்லை.

1928இல் ஹிமாலயன் கிளப் உருவானது. டார்ஜிலிங்கில் அதற்கு ஒரு செயலாளர் இருப்பார். ஷெர்ப்பாக்களின் பெயரைப் பதிவு செய்வது, கூலியை நிர்ணயிப்பது, குழுக்களுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர் வழியாகத்தான். ஒவ்வொரு ஷெர்ப்பாவிடமும் ஒரு சிறு புத்தகம் இருக்கும். போய்வந்த குழுவின் தலைவர் அதில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நல்லவன், உழைப்பாளி, குடிப்பான், மறுபடி எடுக்கலாம் என்கிற மாதிரி. அந்த நாலு வரிதான் அடுத்த வருஷத்துச் சோறு. 1935இல் எரிக் ஷிப்டன் ஆள் எடுத்தபோது வரிசையில் நின்ற டென்சிங் நோர்கேயிடம் எந்தச் சான்றும் இல்லை. இருபது வயதைச் சுற்றி இருந்த அந்தப் பையனை ஷிப்டன் முகத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டார். சான்று இல்லாதவர்களில் அப்படி அதிர்ஷ்டம் அடித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1930களின் கடைசியில் உயரத்தில் சிறந்து உழைத்தவர்களுக்குக் கிளப் புலிப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியது. பதக்கம் உள்ளவர்களுக்குக் கூலியும் கூட.

கூலிக்கு மேலே கிடைத்ததுதான் பக்சீஸ். குழு திரும்பும்போது தலைவர் மனம் குளிர்ந்தால் கொஞ்சம் பணம். பணத்தைவிடப் பெரியது சாமான். மலைக்கென்று கொடுத்த கனத்த சட்டை, பூட்ஸ், தூங்கும் பை எல்லாம் வேலை முடிந்ததும் ஷெர்ப்பாவுக்கே சொந்தம் என்பது எழுதாத வழக்கம். அவற்றை விற்றால் கூலிக்கு ஈடான பணம் சில சமயம் வரும். எந்தத் தாளிலும் எழுதப்படாத ஏற்பாடு என்பதால் அது கொடுப்பவர் கையில்தான் இருந்தது.

1953இல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. குழு காத்மாண்டு வந்து சேர்ந்ததும் பிரிட்டிஷ் உறுப்பினர்களுக்குத் தூதரகத்தில் அறை. ஷெர்ப்பாக்களுக்கு வளாகத்தில் இருந்த கார் கொட்டகை. முன்பு குதிரை லாயமாக இருந்த இடம், கழிப்பறை கிடையாது. மறுநாள் காலை அவர்கள் கொட்டகைக்கு முன்னால் சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். பிறகு வந்தது சாமான் பிரச்சினை. கொடுக்கும் உடைகள் மலையில் போட்டுக்கொள்ள மட்டுமே, பிறகு திருப்பித் தரவேண்டும், நன்றாக வேலை செய்தால் கடைசியில் பரிசாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள். முந்தைய ஆண்டு சுவிஸ் குழுவோடு போனபோது இப்படி ஒரு பேச்சு வரவில்லை. சிலர் வேலையை விட்டே விலகினார்கள். தலைவனாக நின்று இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் டென்சிங். இதையெல்லாம் அவர் தன் சுயசரிதையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த ஷெர்ப்பாக்களைச் சில ஆங்கில நூல்கள் அற்ப விஷயத்துக்குச் சண்டை போட்டவர்களாகக் காட்டுகின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. வழக்கமாகக் கிடைத்த ஒன்றை உரிமை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். இல்லை, அது எங்கள் தயவு என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. இனாம் என்ற பெயரில் கூலியின் ஒரு பகுதியை வைத்திருந்தால் என்றைக்காவது இந்த நாள் வந்தே தீரும். வங்கியில் போனஸ் பேச்சுவார்த்தைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

இதே 1953இல் வேறொரு கணக்கும் நடந்தது. ‘தி டைம்ஸ்’ நாளிதழின் நிருபர் ஜேம்ஸ் மாரிஸ் தன் செய்திகளை அடிவார முகாமிலிருந்து காத்மாண்டுவுக்கு ஓட்டக்காரர்கள் மூலம் அனுப்பினார். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கூடுதல் பணம், தாமதித்தால் குறைவு. வேலைக்கு முன்பே விலை பேசி, இன்ன நாளில் சேர்த்தால் இவ்வளவு என்று சொல்லிவிட்டதால் அதில் மனக்கசப்பு வர இடமில்லை. கடைசிச் செய்தியை மட்டும் நாம்சேயில் இருந்த இந்தியக் கம்பியில்லாத் தந்தி நிலையம் வரை ஓட்டக்காரர் கொண்டுபோக, அங்கிருந்து சங்கேத வார்த்தைகளில் காத்மாண்டுவுக்குப் போனது. மே 29இல் சிகரம் தொட்டதை ஜூன் 2 காலை லண்டன் படித்தது.

அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கி, டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநரானார். அவர் கைக்கு மாதச் சம்பளம் வர ஆரம்பித்தது. ஆனால் அவருடைய அக்கறை தன் சம்பளத்தோடு நிற்கவில்லை. டார்ஜிலிங் ஷெர்ப்பாக்களின் சங்கத்துக்குத் தலைமை ஏற்று, கூலியும் விபத்து இழப்பீடும் உயர வேண்டும் என்று வாதாடினார். டென்சிங் என்றால் நம் பாடப்புத்தகங்களில் பனிக்கோடரியோடு நிற்கும் படம் ஒன்றுதான். இந்தச் சங்கத் தலைவர் டென்சிங்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

லுக்லா விமான தளம் வந்த பிறகு பணம் வந்து சேரும் வழியே மாறியது. 1964இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் அது உருவானது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டுமானப் பொருள் கொண்டுவர அவருக்கு ஓர் இறங்குதளம் தேவைப்பட்டது. முதலில் பார்த்த சமதளமான வயல்களை உழவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பிறகு லுக்லாவின் சரிவு நிலத்தை ஷெர்ப்பாக்களிடமிருந்து 2,650 டாலருக்கு வாங்கினார். மண் இறுகவில்லை என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து ஓடுதளத்தின் மேல் கால் தட்டி ஆடச் செய்தார்கள். தார் போட்டது 2001இல்தான். பதினேழு நாள் நடையின் பெரும்பகுதியைச் சுமார் அரை மணிப் பறத்தலாக்கிய இந்தத் தளம், பக்தபூரிலிருந்து கிளம்பும் சுமைவரிசைகளைப் படிப்படியாக இல்லாமல் செய்தது. வழியில் இருந்த எத்தனையோ கிராமங்களுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த கூலிப் பணமும் அதோடு போனது. ஒரு விமான தளத்தால் யார் பிழைத்தார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். யார் இழந்தார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

அதே 1964இல் ஜிம்மி ராபர்ட்ஸ் காத்மாண்டுவில் மவுண்டன் டிராவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1953இல் ஹன்ட் குழுவுக்கு இரண்டாவது தவணை ஆக்சிஜனை மேலே கொண்டுவந்து சேர்த்தவர் இவர். சிகரம் ஏற வேண்டாம், மலையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும் என்கிறவர்களுக்கும் கூடாரம், சமையலாள், சுமையாள் எல்லாம் ஏற்பாடு செய்து காசு வாங்கலாம் என்பது அவர் யோசனை. 1965இல் அமெரிக்கப் பெண்மணிகள் மூவர் முதல் வாடிக்கையாளர்களாக வந்தார்கள். இன்றைக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வெளிநாட்டார் கும்புவுக்குப் போகிறார்கள்.

ராணுவப் படையெடுப்பு மாதிரி நடந்த பழைய குழுக்களில் கூலி கொடுத்தவரும் உழைத்தவரும் நேருக்கு நேர் நின்றார்கள். இப்போது நடுவில் நிறுவனம், அதற்குக் கீழே வழிகாட்டி, அவருக்குக் கீழே சுமையாள். ஆள் பிடித்துத் தரும் சிர்தார் கமிஷன் எடுப்பது பழைய காலத்திலிருந்தே உண்டு. தட்டுகள் கூடக் கூட, மேலே கொடுத்த பணத்தில் கீழே போய்ச் சேர்வது குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடைசி நாள் டிப்ஸ் ஒரு சடங்காகவே வளர்ந்தது. இது என் ஊகம்தான், ஆனாலும் உறுதியாக நம்புகிறேன். கூலியை இழுத்துப் பிடித்துவிட்டு மிச்சத்தை விருந்தாளியின் மனசுக்கு விட்டுவிடுகிற ஏற்பாடு இது. விருந்தாளிக்கோ தான் கொடுப்பது உபரி என்ற நினைப்பு. வாங்குகிறவர் வீட்டில் பள்ளிக் கட்டணம் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு மதுரை நண்பர்களோடு நானும் அந்த வழியில் நடந்தேன். எங்கள் பைகளைத் தூக்கியவர் போஜ்பூர் மாவட்டத்து ராய். வயது முப்பது இருக்கும், என்னை ‘அங்கிள்’ என்பார், நான் ‘பாய்’ என்பேன். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை இந்திதான் பேச்சு. இரண்டு பெரிய பைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அதிலிருந்து வரும் நாம்லோ என்ற அகலப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்வார். எடை முழுக்கத் தலையிலும் கழுத்திலும் இறங்கும். கையில் டி வடிவத்தில் ஒரு குட்டைத் தடி. மூச்சு வாங்கும்போது சுமையை இறக்காமல் அதை அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே ஓய்வெடுப்பார். சுமையை இறக்கினால் மறுபடி ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா.

எங்கள் சுமை 30 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். மலையேற்றச் சுமையாளுக்கு அதுதான் வரம்பு. ஆனால் அதே பாதையில் கடைச் சரக்கு தூக்கிப் போகிறவர்களுக்கு வரம்பு ஏது? அவர்களுக்குக் கூலி கிலோ கணக்கு. அரிசி மூட்டை, பீர் பெட்டி, ஒட்டுப்பலகை, எரிவாயு உருளை. நாம்சேக்குப் போகும் இவர்களை எடை போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமக்கிறார்கள். விடுதியின் விலைப்பட்டியலை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்கவேண்டும். லுக்லாவில் ஒரு விலைக்குக் கிடைக்கும் தேநீர், 5,164 மீட்டரில் இருக்கும் கோரக் ஷேப்பில் இரண்டு மூன்று மடங்கு. எங்கள் குழுவில் ஒருவர் அங்கே விலை கேட்டு அதிர்ந்துபோய்ப் பேரம் பேசினார். சர்க்கரையும் தேயிலையும் மண்ணெண்ணெயும் ஒரு மனிதர் முதுகிலோ யாக் முதுகிலோ ஏறி அங்கே வந்தவை. அங்கே பேரம் பேசினால் அது கடைசியில் அந்தக் கூலியில்தான் விடியும்.

நோட்டுகளைப் பார்ப்பதில் எனக்குப் பழைய ஆசை விடவில்லை. நேபாள நோட்டுகளில் மன்னர் படம் போய் எவரெஸ்ட் படம் வந்தது 2007இல். அச்சடிக்கத் தயாராக இருந்த தாளில் மன்னரின் நீர்க்குறி ஏற்கெனவே இருந்ததால், அதன் மேல் சிவப்பு ரோடோடென்ட்ரான் பூ ஒன்றை அச்சிட்டு மறைத்தார்கள். அப்படி ஒரு 500 ரூபாய் நோட்டு நாம்சேயில் எனக்குச் சில்லறையாக வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பூவுக்குப் பின்னால் மன்னர் நிழலாகத் தெரிகிறார். முடியாட்சியே அடுத்த ஆண்டு முடிந்துவிட்டது. அந்த நோட்டை மட்டும் நான் செலவழிக்கவில்லை.

பாங்போச்சேயில் நாங்கள் தங்கிய விடுதியின் அம்மாள், நான் இந்தியாவில் வங்கியில் வேலை பார்த்தவன் என்று வழிகாட்டி சொல்லக் கேட்டதும், “தாஜு, கொஞ்சம் இருங்கள்” என்று உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். பிரித்தால் பழைய இந்திய 500 ரூபாய் நோட்டுகள், ரப்பர் வளையம் போட்ட மெல்லிய கட்டு. கணவர் டார்ஜிலிங்கில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்தது. 2016 நவம்பர் 8 இரவோடு செல்லாமல் போனது. இந்தியாவுக்குள் நோட்டை மாற்றக் கெடு இருந்தது. நேபாளத்தில் இருந்தவர்களுக்கு வழி பிறக்கவேயில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு வரவில்லை. 2018 டிசம்பரில் நேபாளம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கே தடை போட்டது.

அந்த நவம்பரில் நான் கவுண்டரில் இருந்தேன். வரிசையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்தேன். ஆனால் இமயமலையில் ஒரு வீட்டில் இப்படி ஒரு கட்டு உட்கார்ந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. ஒவ்வொரு நோட்டையும் புரட்டினேன். கிழிசல் இல்லை, கறை இல்லை, எல்லாம் நல்ல நோட்டு. “மாற்ற முடியாது, தீதி” என்றேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கட்டை மறுபடி பைக்குள் வைத்தார். தாள் வேண்டாம், நாணயமாகக் கொடு என்று 1953இல் கேட்டார்களே, அந்த மக்களின் பேத்தி வயதுதான் இவருக்கு.

இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். 2014 ஏப்ரல் 18 காலை கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் இறந்தார்கள். ஏறுபவர்களுக்காகப் பாதை போட்டுக்கொண்டும் சாமான் சுமந்துகொண்டும் இருந்தவர்கள். அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 25,000. அன்றைக்கு எவரெஸ்ட் ஏற ஒரு வெளிநாட்டாரிடமிருந்து அரசு வாங்கிய கட்டணமோ குழுவாக வந்தாலே தலைக்கு 10,000 டாலர். ஷெர்ப்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவத்தில் வேலை செய்ய மறுத்தார்கள். அடிவார முகாம் காலியானது. பிறகு கட்டாயக் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. 1953இல் உடைக்காக நடந்த அதே வழக்கின் தொடர்ச்சிதான் இது. எது தயவு, எது உரிமை என்று உயிர் போன பிறகு பேசவேண்டி வந்தது.

மலையேறும் ஷெர்ப்பாக்களின் இந்தச் சண்டையாவது செய்தியில் வந்தது. கீழ்ப் பாதையில் சுமக்கும் ராய், தாமாங், மகர் இளைஞர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஷெர்ப்பா என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியும், இவர்களைத் தெரியாது. கீழ்நாட்டிலிருந்து வரும் இவர்களுக்கும் உயரம் ஒத்துக்கொள்வதில்லை. உடம்புக்கு முடியாமல் போன சுமையாளைத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டுக் குழு மேலே போய்விடும். வழியில் அவர் இறந்துபோவார். அப்படி ஒரு சாவுக்குப் பிறகு 1997இல் உருவானதுதான் சர்வதேச சுமையாளர் பாதுகாப்புக் குழு. காத்மாண்டுவில் சுமையாட்களுக்குக் குளிருடை இரவல் கொடுக்கும் துணி வங்கியும் நடக்கிறது. டென்சிங் காலத்தில் பரிசாகக் கிடைத்த உடை இப்போது இரவலாகக் கிடைக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் கடைசி மாலை லுக்லாவில். வழக்கம் என்னவென்றால் எல்லாருடைய டிப்ஸையும் ஓர் உறையில் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுவது, அவர் பிரித்துக்கொடுப்பார். நாங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறை போட்டு, எல்லாரும் பார்க்க அவரவர் கையில் கொடுத்தோம். போஜ்பூர்க்காரர் உறையைப் பிரித்து எண்ணினார். வங்கியில் பயிற்சி எடுத்தவர் போல ஓரத்தை விரலால் தடவித் தடவி எண்ணினார். பிறகு யானைப் படம் போட்ட 1,000 ரூபாய் நோட்டுகளைத் தனியே எடுத்து, “அங்கிள், இதற்கு நூறாகக் கிடைக்குமா?” என்றார். அவர் ஊருக்குப் போகும் வழியில் பெரிய நோட்டை மாற்றுவது பெரும்பாடு. கடைக்காரர் கமிஷன் பிடிப்பார், இல்லையென்றால் ஏதாவது வாங்கு என்பார். என்னிடம் காண்டாமிருகப் படம் போட்ட 100 ரூபாய்க் கட்டு மீதி இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். ஒரு நோட்டில் ஓரம் கிழிந்திருந்தது. அதை மட்டும் திருப்பித் தந்தார், வேறு கொடுத்தேன். அவர் செய்தது முழுக்கச் சரி. கிழிந்த நோட்டின் நஷ்டத்தை அவர் ஏன் சுமக்கவேண்டும்?

லுக்லாவிலும் நாம்சேயிலும் ஏடிஎம் வந்துவிட்டது. 2024 மார்ச்சிலிருந்து இந்தியர்கள் நம் யுபிஐ செயலியிலேயே நேபாளக் கடைகளின் க்யூஆர் அட்டையைப் படித்துப் பணம் கட்டலாம். ஆனால் மேகம் இறங்கி நெட்வொர்க் போனால் செயலி நிற்கும். மின்சாரம் போனால் ஏடிஎம் நிற்கும். சுமையாளின் கைக்கு நேரடியாகப் போக இன்னும் நோட்டுதான்.

தமிழ்நாட்டிலிருந்து இப்போது நிறையப் பேர் எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடக்கப் போகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பதிவு செய்யும் முன்பே நிறுவனத்திடம் சுமையாளுக்கு நாள் கூலி எவ்வளவு, காப்பீடு உண்டா, உறைபனியில் போட அவருக்கு உடை இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள். உங்கள் பையை வீட்டிலேயே எடை போடுங்கள். காத்மாண்டுவிலேயே டிப்ஸ் தொகையை நேபாள ரூபாயில் நூறும் ஐம்பதுமாக மாற்றித் தனி உறையில் வைத்துவிடுங்கள். கடைசி நாள் கையில் மிஞ்சுவதைக் கொடுப்போம் என்று விட்டால் மிஞ்சாது. சட்டையும் பூட்ஸும் கொடுப்பதாக இருந்தால் பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். உறையை அவர் கையில் கொடுத்த பிறகு, எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் கொடுங்கள்.